சுவிட்ச் பக்கத்து ஆள்

"நான் வெல்டிங் கத்துக்க வந்தேன். பலகை சுமக்க வரலை" என்றான் கொம்பையா.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் மெற்றில்டா. "அந்த ஓரத்துப் பலகை ஈரமா இருக்கு. எடுத்து வெயில்ல போடுங்க."

எடுத்துப் போட்டான். முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டான்.

அவனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கோவில்பட்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான். கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று அந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதி இரும்பு அவன் கை பட்டதுதான்.

ஒரு மில்லுக்கு இரும்புத் தண்ணீர்த் தொட்டி செய்து கொடுத்தான். தொட்டி கசிந்தது. போய் அடைத்தான். வேறு இடத்தில் கசிந்தது. அதையும் அடைத்தான். மறுபடி கசிந்தது.

அதுவரை அவன் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கசிவு அவனைப் பிடுங்கித் தின்றது.

யாரோ சொன்னார்கள்: "தூத்துக்குடிக்கு வடக்க, கடலோரத்துல ஒரு படகுக் கூடம் இருக்கு. அங்க ஒரு பொம்பளை மேஸ்திரி. அவ வச்ச ஜாயிண்ட்ல கடல்தண்ணி நுழையாது."

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. இரும்பு விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்க நிற்கும் காலம். கொம்பையா பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினான்.

அந்த மேஸ்திரி, மெற்றில்டா, அவனைவிட வயதில் நன்றாக இளையவள். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. அதைவிட, அவள் கையைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"தங்கச்சி, நீ எம்புட்டு நாளா இந்த வேலையில இருக்க?"

"ஐ.டி.ஐ. முடிச்சதுலேருந்து."

"கையில ஒரு சூட்டுத் தழும்பு கூடக் காணமே?"

"ஆமா" என்றாள்.

கொம்பையா தன் கைகளை நீட்டினான். முழங்கை வரை அம்மை போட்டது போலப் புள்ளிகள்.

"பாத்தியா. இதுதான் வேலை செஞ்ச கை."

மெற்றில்டா குனிந்து பார்த்தாள். "வலிச்சுதா?"

"வலிக்காம?"

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

பலகைகள் காய்ந்த பிறகு அவள் ஒரு நீளமான கேபிளைக் கொண்டுவந்து போட்டாள். மிஷினிலிருந்து கழற்றிய கேபிள். பற்றவைக்கிற வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் அதன் முனையில் இருந்தது.

"இது எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

கொம்பையா ஒரு பார்வை பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு."

"சரி" என்றாள். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

அவன் மறுபடி பார்த்தான். முழுதும் இழுத்துப் போட்டுப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குங்கேன்."

"கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

"கண்ணை மூடிட்டு எப்படிப் பாக்க?"

அவள் கேபிளின் ஒரு முனையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

கொம்பையாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, கேபிளை இரண்டு கைகளுக்கும் நடுவே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருவினான். பாதிக்கு மேல் போனபோது விரல் நின்றது. ரப்பரில் மெல்லிய ஒரு பிளவு. விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. உள்ளே செம்பு குத்தியது.

அப்புறம் இன்னொன்று. ஹோல்டருக்குக் கிட்டத்தில் மூன்றாவது. பிடிக்கிற இடத்தில் மின்காப்பு உறை உடைந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் தளர்ந்திருந்தது.

கண்ணைத் திறந்தான்.

"என் பட்டறையில இருக்கிற கேபிள் இதைவிட மோசம்" என்றான்.

"ஷாக் அடிக்குமா?"

"அப்பப்ப. சின்னச் சின்னதா. அது எறும்பு கடிக்கிற மாதிரி தங்கச்சி. பழகிப்போச்சு. கரண்டுக்கு நம்மளைத் தெரியும்."

மெற்றில்டா அந்தக் கேபிளை வெட்டி ஓரமாகப் போட்டாள். ஹோல்டரையும் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்துவந்தாள்.

"கரண்டுக்கு யாரையும் தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

*

மறுநாள் கொம்பையா மீண்டும் கேட்டான்.

"வெல்டிங் மிஷின்ல என்ன பெரிய வோல்ட் வருது? வீட்டு லைட்டுக்கு வர்றதுல பாதி கூட இல்லை. அதுக்குப் போயி உக்காரக் காஞ்ச பலகை, காஞ்ச கிளவுஸ், ரப்பர் பாயி... இம்புட்டுமா?"

உண்மையில் அந்தக் கூடத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் தோல் கையுறைகளைத் துணி காயப்போடுவது போல வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு கையுறை கொஞ்ச நேரத்திலேயே வியர்வையில் நனைந்துவிடும். உடனே மேஸ்திரி அதைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிட்டு, காய்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் வேலை நிற்கும்.

மெற்றில்டா உள்ளே போய் ஒரு மீட்டரை எடுத்துவந்தாள். முள் வைத்த பழைய மீட்டர்.

"இந்த ரெண்டு முனையையும் ஆளுக்கொரு கையில பிடிங்க. பயப்படாதீங்க, இதுல ஒரு சின்ன பேட்டரிதான்."

கொம்பையா சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்தான். முள் லேசாக அசைந்து நின்றது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டான்.

"கரண்டுக்கு உங்களுக்குள்ள போக வழி கிடைக்கலைன்னு சொல்லுது."

ஒரு வாளியில் கடல்தண்ணீர் இருந்தது. "கையை நனைச்சுட்டுப் பிடிங்க" என்றாள்.

நனைத்துப் பிடித்தான். முள் எட்டிப் பாய்ந்தது.

"இது யாரு கை?" என்று கேட்டாள்.

"என் கைதான்."

"முதல்ல பிடிச்சது?"

"அதுவும் என் கைதான்."

"அப்படியா?"

கொம்பையா சிரித்தான். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தான். நல்ல விளையாட்டுதான் என்றும் நினைத்தான்.

*

வேலையில் அவன் கெட்டிக்காரன். அதில் மெற்றில்டாவுக்கும் சந்தேகமில்லை.

மேசையில் இரண்டு தகடுகளை வைத்து அவனைப் பற்றவைக்கச் சொன்னாள். தானும் முகமூடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். முடித்த பிறகு கசடைத் தட்டிவிட்டு, ஒரு ராடு முடிந்து அடுத்த ராடு தொடங்கிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க அவசரப்படுறீங்க."

அவன் குனிந்து பார்த்தான். ஊசிமுனை அளவு ஒரு குழி.

"ராடு தீரப்போகுதுன்னு தெரிஞ்சதும் சட்டுனு கையைத் தூக்குறீங்க. கொஞ்சம் பின்னால வந்து, குழியை நிரப்பிட்டுத் தூக்குங்க."

கொம்பையா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். மில்லின் தண்ணீர்த் தொட்டி அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. எத்தனை ராடு, எத்தனை குழி!

"இவ்வளவுதானா தங்கச்சி?"

"இவ்வளவுதான்."

அன்றைக்கு அவன் தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். சுவிட்ச் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்கும் ஒரு டீ கொண்டுபோனான்.

செல்லக்கனிக்கு அவன் வயதுதான் இருக்கும். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரே வேலை. படகின் மீன் அறைக்குள் மேஸ்திரி இறங்கினால், இவள் மேலே சுவிட்ச் பக்கத்தில் இருக்க வேண்டும். மீன் அறை என்பது, பிடித்த மீனை ஐஸ் போட்டு வைக்கும் இரும்புக் குழி. நாலு பக்கமும் இரும்பு, அடியும் இரும்பு. மேலே ஓர் ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுரமாக ஒரு வாய்.

அவ்வப்போது செல்லக்கனி அந்த வாயைப் பார்த்துக் கூப்பிடுவாள்: "ஏளா!"

உள்ளேயிருந்து மெற்றில்டா குரல் கொடுப்பாள்: "இருக்கேன்!"

இதற்கு ஒரு சம்பளமா என்று கொம்பையா நினைத்திருந்தான்.

"டீ ஆறுது, குடிங்க" என்றான்.

"வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. அவ ஏறி வரட்டும்" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

*

"மீன் அறை மூலையில இருக்கிற ஜாயிண்டை நான் வைக்கேன்" என்றான் கொம்பையா.

"இப்ப வேண்டாம்" என்றாள் மெற்றில்டா.

"என் ஜாயிண்ட் சரியில்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"பெறகு?"

"செல்லக்கனிகிட்ட கேளுங்க."

அவளிடம் போய்க் கேட்டான்.

"உங்களை உள்ள இறக்கினா நான் மேல உக்கார மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள் செல்லக்கனி.

"ஏம்மா? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"மேசையில வேலை செய்யும்போது நாலஞ்சு தரம் கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு தரமும் நீங்க பதில் சொல்லலை."

"வேலையில கவனமா இருந்தேன்."

"அதான்" என்றாள்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோவில்பட்டியில் அவனிடம் இப்படி யாரும் பேசியதில்லை. பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்லியா நான் வேலை செய்ய வேண்டும் என்று மனதுக்குள் கறுவினான்.

*

அது ஒரு மத்தியானம். ராடு வாங்க மெற்றில்டா டவுனுக்குப் போயிருந்தாள். செல்லக்கனி படகு நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

மேஸ்திரி திரும்பி வருவதற்குள் அந்த மூலையை முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று கொம்பையா முடிவு செய்தான். கத்திப் பேசினால் கேட்காதவர்கள் ஜாயிண்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

தானே சுவிட்சைப் போட்டான். மிஷின் உறும ஆரம்பித்தது. ஹோல்டரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல வெக்கை. இறங்கின உடனேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூலையை எட்ட மண்டி போட வேண்டியிருந்தது. பலகை இறக்கவில்லை. வெறும் இரும்பில்தான் மண்டி போட்டான்.

முதல் ராடு அழகாக ஓடியது. கடைசியில் கொஞ்சம் பின்னால் வந்து, குழியை நிரப்பி, கையைத் தூக்கினான். தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

அடுத்த ராடை மாட்ட வேண்டும். இடது கையுறை வியர்வையில் ஊறி வழுக்கியது. அதைக் கழற்றிப் போட்டான். வெறும் கையால் ராடை ஹோல்டரில் செருகினான்.

ராடு அவனைப் பிடித்துக்கொண்டது.

அவன்தான் ராடைப் பிடித்திருந்தான். ஆனால் விட முடியவில்லை. விரல்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. தோள் இறுகியது. நெஞ்சு இறுகியது. வாய் பூட்டிக்கொண்டது. கத்த நினைத்தான். மூச்சு வெளியே வரவில்லை.

பயம்கூட வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. என் கைதானே இது என்று நினைத்தான்.

மேலே எங்கோ, ரொம்ப தூரத்தில், "அண்ணாச்சி!" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு முறை கேட்டது.

பிறகு விரல்கள் தானாக விரிந்தன. பக்கவாட்டில் சரிந்தான்.

கண்ணைத் திறந்தபோது சதுரமான வானத்தில் செல்லக்கனியின் முகம். அவள் வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் சுவிட்சை அணைத்து, அணைந்ததை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் குழியின் வாய்க்கே வந்திருந்தாள். இப்போது ஏணியில் இறங்கினாள்.

*

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். உள்ளங்கையிலும் முழங்காலிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புண்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே படுங்க" என்றார்.

மெற்றில்டா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

கொம்பையா காத்திருந்தான்.

"திட்டுங்க மேஸ்திரி" என்றான். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கை நடுங்குதா?"

"இல்லை."

ஒரு சுளையை அவன் கையில் வைத்தாள். தின்றான்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"வேண்டாம். பயந்துருவா."

மெற்றில்டா மேசையில் இருந்த அவன் போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாங்கி மனைவியைக் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்லை தாயீ. கரண்டு அடிச்சிருச்சு."

"எப்பவும் போலச் சின்னதுதான?" என்றாள் மனைவி. அடுப்படியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

கொம்பையா "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல வரவில்லை.

"இல்லை. பெருசு."

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள்.

"எங்க இருக்கீங்க? நான் வாரேன்" என்றாள்.

போனை வைத்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மெற்றில்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மிச்சச் சுளைகளை உரித்தாள்.

சாயங்காலம் செல்லக்கனி வந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று அவளிடம் கேட்டான்.

"சோறு தின்னுக்கிட்டிருந்தேன். மிஷின் ஓடுது. நீங்க உள்ள போயிட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நெருப்புச் சத்தம் கொஞ்சம் கேட்டுச்சு. பெறகு கேக்கலை. கூப்பிட்டேன். ரெண்டாந்தரமும் பதில் இல்லை. ஏந்திரிச்சு வந்துட்டேன்."

"நான் எப்பவும் பதில் சொல்லாத ஆள்தானே?"

"ஆமா. அதனால கொஞ்சம் யோசிச்சேன்."

கொம்பையா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"நீங்க அப்ப தின்னு முடிச்சிருந்தா?"

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள்.

"கை கழுவப் போயிருப்பேன்" என்றாள். "குழாய் அந்தக் கோடியில இருக்கு."

*

மனைவி வந்து இரண்டு நாள் இருந்தாள். ஊருக்கு வந்துவிடச் சொன்னாள். அவன் கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்றான். "கத்துக்கிட்டாச்சுன்னீங்களே?" என்று கேட்டாள். "இல்லை" என்றான்.

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது சுவிட்சுப் பெட்டியில் ஒரு பூட்டுத் தொங்கியது.

"எனக்காகவா?" என்று மெற்றில்டாவிடம் கேட்டான்.

"எனக்காக" என்றாள். "மிஷினைத் திறந்து போட்டுட்டு டவுனுக்குப் போனது நான்தானே."

சாவி செல்லக்கனியிடம் இருந்தது. அந்த வாரம் அவள் மகளுக்கு வளைகாப்பு. திருச்செந்தூர்ப் பக்கம் போக வேண்டும். புறப்படும்போது மெற்றில்டாவைப் பார்த்தாள். மெற்றில்டா தலையை ஆட்டினாள். செல்லக்கனி சாவியைக் கொண்டுவந்து கொம்பையாவின் கையில் வைத்தாள்.

"நானா?" என்றான்.

"கூப்பிட்டா பதில் சொல்லாத ஆளுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

கொம்பையா பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தான். அவன் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலையாக இருந்தது. கைக்கு ஒன்றுமில்லை. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் வேலை. ஒரு நாழிகையில் மனது கோவில்பட்டிக்குப் போய்விடும். இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

முதல் நாளே ஒரு பெரிய கப்பல் துறைமுகத்தைப் பார்த்துப் போனது. அவ்வளவு பெரியதை அவன் பக்கத்தில் பார்த்ததில்லை. எழுந்து நின்று பார்த்தான்.

திரும்பியபோது மெற்றில்டா மேலே ஏறி வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இது போதும்" என்றாள்.

"ஏன் மேஸ்திரி? வெயில் கூட இறங்கலையே?"

"கப்பல் எப்படி இருந்துச்சு?"

கொம்பையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உள்ள இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள இருந்து பாத்தா கொஞ்சம் வானமும் உங்க முகமும்தான் தெரியும். முகம் காணலை. வானத்துல கப்பல் சங்கு சத்தம் கேட்டுச்சு."

கையுறையைக் கயிற்றில் போட்டுவிட்டுப் போனாள். அரை நாள் வேலை அப்படியே நின்றது.

மறுநாள் அவன் பெயிண்ட் டப்பாவைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

போகப் போக அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. நெருப்பின் சடசடப்பு ஒரே சீராக இருந்தால் அவள் கை நன்றாக ஓடுகிறது. விட்டுவிட்டு வந்தால் மூலை இடம். நின்று, ஒரு நொடி கழித்துச் சுத்தியல் சத்தம் வந்தால் கசடு தட்டுகிறாள். வியர்வை கூடினால் அவனே ஒரு காய்ந்த கையுறையைக் கீழே இறக்குவான். அவள் நனைந்ததை மேலே அனுப்புவாள். வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

"மேஸ்திரி!" என்று கூப்பிடுவான்.

"இருக்கேன்!" என்று வரும்.

அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நிறைவாக இருந்தது. யாரோ அவனுக்கு நல்ல சேதி சொன்னது போல.

*

தடைக்காலம் முடிய வந்தது. படகுக்காரர் லெயோன் பர்னாந்துக்கு நிலைகொள்ளவில்லை. மற்ற படகுகள் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டன. பாதிரியார் வந்து படகை ஜெபித்து மந்திரிக்க நேரம் குறித்தாயிற்று. மீன் அறையில் ஒரு விளிம்பு மட்டும் பாக்கி.

மெற்றில்டா உள்ளே இருந்தாள். லெயோன் வேகமாக வந்தார்.

"வே, கொம்பையா! புரொப்பல்லர் பக்கம் ஆளு பத்தலை. ஒரு கை பிடிச்சிட்டு வாரும்."

"முடியாது முதலாளி."

"சும்மாதானவே உக்காந்திருக்கீரு?"

"ஆமா, முதலாளி."

"பேசுதவன் மூஞ்சியப் பாத்துப் பேசும்."

"மன்னிக்கணும் முதலாளி" என்றான். குழியின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது நெருப்புச் சத்தம் நின்றது.

கொம்பையா காத்திருந்தான். சுத்தியல் சத்தம் வரவில்லை.

"மேஸ்திரி!"

பதில் இல்லை.

எழுந்துவிட்டான். "மேஸ்திரி!"

பதில் இல்லை.

சுவிட்சை அணைத்தான். மிஷினின் உறுமல் அடங்கியது. அணைந்ததை ஒரு முறை பார்த்துக்கொண்டு குழியின் ஏணியில் கால் வைத்தான்.

ஏணியில் பாதி இறங்கும்போது கீழே தும்மல் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. தொடர்ந்து வந்தது. மெற்றில்டா காய்ந்த பலகையில் உட்கார்ந்து, முகமூடியைத் தூக்கிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பேச முடியவில்லை.

கொம்பையா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மேலே ஏறி வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. தும்மல் வந்து வாயைத் திறக்கவே விடலை. எத்தனை தரம் கூப்பிட்டீங்க?"

"ரெண்டு."

"மூணாந்தரம் கூப்பிடலையா?"

"இல்லை."

மெற்றில்டா டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் முழுக்க மலர்ந்திருந்தது.

"நாளைக்கு நீங்க உள்ள இறங்குங்க. நான் மேல உக்காருதேன்" என்றாள்.

லெயோனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. மிஷினைக் காட்டினார், குழியைக் காட்டினார், வெயிலைக் காட்டினார்.

"ஒரு தும்மலுக்கு என் வேலை நிக்குது! ஒண்ணுமே ஆகலையேவே! பெறகு எதுக்கு அணைச்சீரு?"

கொம்பையா முதல்முறையாக அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஒண்ணுமே ஆகலைன்னு சொல்லுதீங்க பாருங்க முதலாளி," என்றான், "அதுக்குத்தான்."